'பேசும்' என்பதற்கு விதி இல்லை

நான் பிழை திருத்துகிறவள். ஒற்று மிகுமா மிகாதா, சொல்லைச் சேர்க்கலாமா பிரிக்க வேண்டுமா என்று இருபத்தாறு வருடமாக ஒரு அச்சகத்தில் உட்கார்ந்து எழுத்தாளர்களோடு மல்லுக்கு நிற்பதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்து, இதை நீதான் சரிபண்ண வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? வேறு நாதி இல்லை, உட்கார்ந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் என் வீட்டுக்காரர். சாய்த்துப் போட்ட தலையணையில் தலை. கண் மட்டும் திரையில். லிஃப்ட்டுக்கும் துணி துவைக்கிற மெஷினுக்கும் உள்ளே இருக்கிற சின்னச் சில்லுகளுக்குப் புரோகிராம் எழுதுவது அவர் தொழில். அந்தத் தொழிலில் கெட்டிக்காரர். மூன்று வருடத்துக்கு முன்னால் நரம்பில் நோய் வந்தது. முதலில் கால் போனது, அப்புறம் கை, அப்புறம் நாக்கு. இப்போது மிஞ்சியிருப்பது இடது கை ஆள்காட்டி விரலும் இரண்டு கண்ணும்தான். விரலுக்கும் டாக்டர் கெடு சொல்லிவிட்டார். "ஒரு மாசம், மிஞ்சிப் போனா ஒன்றரை மாசம்மா" என்றார், ஏதோ பால் கெட்டுப்போகிற கணக்குச் சொல்வதுபோல. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் மேஜையைக் கவிழ்த்திருப்பேன்.

நாக்கு போகப் போகிறது என்று தெரிந்ததுமே அவர் தனக்காக ஒரு பெட்டி செய்தார். ஆறு பொத்தான், ஆறு சொல். ஆமா, இல்ல, தண்ணி, வலிக்குது, திருப்பு, போதும். எல்லாம் அவர் குரலிலேயே. அந்தச் சில்லில் ஆறுக்கு மேல் இடம் இல்லை. ஆனால் பின்னறைக் கதவைச் சாத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இரண்டு வாரம் உட்கார்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் பேசிப் பதிந்து வைத்தார். என்ன பேசினார் என்று என்னிடம் சொல்லவில்லை. பெரிய சில்லு வரும், அப்போது கேட்டுக்கொள் என்றார்.

அதற்கான புரோகிராமையும் கை ஓய்வதற்குள் எழுதி முடித்துவிட்டார். ஆறு பொத்தானுக்கு விரல் எட்டாத காலம் வரும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரே பொத்தான். பெட்டியின் சின்னத் திரையில் வாக்கியங்கள் எழுத்தாக ஒவ்வொன்றாக ஓடும். வேண்டியது வரும்போது விரலை ஒரு தடவை அழுத்தினால் போதும், பெட்டி பேசும். விரல் ஓய்வதற்குள் பழகிக்கொண்டுவிட்டால், பிறகு புருவத்துக்குக் கீழே ஒட்டுகிற பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளலாம். எல்லாம் யோசித்து வைத்திருந்தார். யோசிக்காதது ஒன்றுதான். பெரிய சில்லு நாலு மாதம் தாமதமாக வந்தது. அதற்குள் அவர் கம்ப்யூட்டர் கருகிப்போனது. கடைக்காரர் அதிலிருந்ததை எல்லாம் வழித்து என் மடிக்கணினியில் போட்டுக் கொடுத்தார்.

இப்போது ஒரே ஒரு வேலைதான் பாக்கி. அவர் எழுதியதைச் சில்லுக்குப் புரிகிற பாஷையில் மாற்ற வேண்டும். அதற்கு கிராஸ் கம்பைலர் என்று ஒரு மொழிபெயர்ப்பாளன் உண்டு. என் கணினியில் உட்கார்ந்துகொண்டு வேறொரு சில்லின் பாஷையில் எழுதித் தருவான். அவன் தனியாக வர மாட்டான். எடுபிடிகள், சாமான்கள் என்று ஒரு பட்டாளத்தோடுதான் வருவான். அந்தப் பட்டாளத்துக்கு டூல்செயின் என்று பெயர். என் வீட்டுக்காரரோடு ஒரே அறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவருக்கு நாங்கள் வைத்த பெயர் மீசை. மீசைக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு கமாண்டுதான் அண்ணி. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மீசை.

அஞ்சு நிமிஷமாம். இந்த அஞ்சு நிமிஷக்காரர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்க வேண்டும்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். இறக்கினேன், விரித்தேன், நிறுவினேன். கூப்பிட்டால், அப்படி ஒருவன் இங்கே இல்லவே இல்லை என்றது கணினி. இப்போதுதானே உள்ளே விட்டேன்! மீசையைத் திரும்பக் கூப்பிட்டால், அவன் எந்த அறையில் இருக்கிறான் என்று கணினிக்கு வழி சொல்லவில்லை என்றார். வழி சொன்னேன். வந்தான். வந்தவன் ரொம்பப் புதியவன். இவர் எழுதியது பழைய முறை. நூற்று நாற்பது எச்சரிக்கை, பதினேழு பிழை. என் வாழ்நாளில் எந்த எழுத்தாளருக்கும் ஒரே பக்கத்தில் இத்தனை பிழை நான் போட்டதில்லை.

"பழைய வெர்ஷன் போடணுமாங்க?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். ஒரு தடவை மூடினால் ஆமாம். இரண்டு தடவை மூடினால் இல்லை. இதுதான் எங்கள் பாஷை. பெட்டியைக் கழற்றி மேஜையில் போட்டு புதுச் சில்லை ஒயரால் கணினியோடு இணைத்திருந்தேன். அதனால் அன்றைக்கு அவருக்கு அந்த ஆறு சொல்லும் இல்லை.

கொடுமையைப் பாருங்கள். எந்த வியாதி என்று தெரிந்த வைத்தியர் அறைக்குள்ளேயே இருக்கிறார். திரையைப் பார்க்கிறார். தப்பு எங்கே என்று முதல் நொடியிலேயே அவருக்குத் தெரிகிறது. ஆனால் சொல்ல முடியாது. நான் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு குருடி மாதிரித் தடவுகிறேன். ஊமை கண்ட கனவு என்பார்கள். அந்தப் பழமொழியை இனிமேல் எந்தப் புத்தகத்தில் பார்த்தாலும் அடித்துவிடுவேன்.

பழைய வெர்ஷனைப் போட்டேன். பதினேழு பிழையும் போனது. பதினொரு மணிக்கு, மிச்சம் ஒரே ஒரு வரி. ஆங்கில வரிக்கு நடுவில் ஒரே ஒரு தமிழ்ச் சொல். அச்சகப் புத்தியில் அதை அப்படியே தமிழாக்கிக்கொண்டேன்: "'பேசும்' என்பதைச் செய்ய விதி இல்லை. நிறுத்தம்."

எனக்குச் சுரீர் என்றது. ரூல் என்றால் விதிதானே? வேறு எப்படி மொழிபெயர்ப்பது? பேச விதி இல்லையாம். இதைச் சொல்ல ஒரு மெஷின் வேண்டுமா? டாக்டர் மூன்று வருடமாக இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"சனியன் பிடிச்ச டப்பா. உன்கிட்ட யாருடா விதியைக் கேட்டா?" என்று கணினியைத் திட்டினேன். அவர் கண்ணில் சிரிப்பு தெரிந்தது. கன்னம் அசையாது, ஆனாலும் எனக்குத் தெரியும்.

பிறகு அவர் கண்ணை மேலே தூக்கினார். எழுத்துக்கூட்டப் போகிறேன் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து; கூட்டிவிடலாம். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. அத்தனையையும் வரிசையாகச் சொன்னால் ஒரு சொல்லுக்குள் பொழுது சாயும். அதனால் உயிரா மெய்யா என்று முதலில் கேட்பேன். மெய்யென்றால் க, ங, ச என்று சொல்லிக்கொண்டே போவேன். நிறுத்த வேண்டிய இடத்தில் கண்ணை மூடுவார். அப்புறம் அதோடு சேர்கிற உயிரை அ, ஆ, இ என்று திரும்பச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டும். என்னிடம் இல்லாத சரக்கு அது.

"உயிரா?" ஒரு தடவை மூடினார். "அ, ஆ, இ..." மூடினார். இ.

"அடுத்தது உயிரா? மெய்யா?" மூடினார். "க, ங, ச, ஞ, ட..." மூடினார்.

இ. ட. அடுத்து உயிரைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. திரையின் மூலையில் காலையிலிருந்து ஒரு மஞ்சள் எச்சரிக்கை நின்றுகொண்டே இருந்தது: டிஸ்க் நிரம்பப் போகிறது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"இடம்! டிஸ்க்குல இடம் இல்ல, அதானே?"

அவர் கண்ணை மூடித் திறந்தார். ஆமாம். நான் உடனே திரைப்பக்கம் திரும்பிவிட்டேன்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவர் என்னை முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நான் முடித்துவிடுவேன். பாதி நேரம் சரியாக இருக்கும். மீதி நேரம் சண்டை வரும். "ஏ முந்திரிக்கொட்டை, நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியுது?" என்பார். அதெல்லாம் வீட்டுக்குள் செல்லமாக இருந்த வரைக்கும் சரி.

எது இடத்தை அடைக்கிறது என்று தேடினேன். கடைக்காரர் வழித்துப் போட்டதில் பெரியது ஒரு ஃபோல்டர். பெயர் 'மிச்சம்'. பதினாலு ஜிபி. மிச்சம் மீதி, தட்டுமுட்டுச் சாமான். குரல் எல்லாம் 'குரல்' என்கிற ஃபோல்டரில் பத்திரமாக இருப்பதை முன்பே பார்த்திருந்தேன்; உள்ளே திறந்து எண்ணவில்லை, அவ்வளவுதான். மிச்சத்தைத் தேர்ந்தெடுத்தேன். எனக்குக் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்கிற வழக்கம் கிடையாது, அடித்தால் அடித்ததுதான். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. நீக்கு என்றேன்.

பின்னால் அவர் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். சளி என்று நினைத்தேன். எழுந்து போய் குழாயை வைத்து உறிஞ்சி எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. கண் அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருங்க, முடியப் போகுது" என்று நெற்றியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

இடம் இல்லாமல் அரைகுறையாக உட்கார்ந்திருக்கும் என்று டூல்செயின் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, முதலிலிருந்து இறக்கினேன். அதற்கு ஒன்றரை மணி நேரம். அவருக்கு மதியக் கஞ்சியைக் குழாய் வழியாக விட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வந்து கட்டளையைத் தட்டினேன்.

'பேசும்' என்பதைச் செய்ய விதி இல்லை. நிறுத்தம்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அதை யார் மேல் காட்டுவது? மீசையின் போன் அணைந்திருந்தது. பக்கத்தில் இருந்தது இவர்தான்.

"நீங்கதானே இடம்னு சொன்னீங்க? மூணு மணி நேரம் போச்சு. சரியாச் சொல்லத் தெரியலைன்னா எதுக்குக் கண்ணை மூடி மூடித் திறக்கணும்? பேசாம கெடங்க!"

சொல்லிவிட்டேன். பேசாமல் கிடக்கச் சொன்னேன், அவரை. சொன்ன வாயை இழுத்து வைத்துத் தைக்க வேண்டும். அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. அதை என் முந்தானையால் துடைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது. தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தேன், அதுதான் எனக்குத் தெரிந்த மன்னிப்பு.

கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பவும் கண்ணை மேலே தூக்கினார். ஒரு நாற்காலியை இழுத்து அவர் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை வாயை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் முழுசாகக் கேட்டேன். இ. அப்புறம் ட். ட, டா, டி, டீ, டு, டூ, டெ, டே, டை. மூடினார்.

டை. இணைக்கொம்பு போட்ட டை.

இருபத்தாறு வருடமாக அந்தக் கொம்பு விடுபட்ட இடத்தில் எல்லாம் சிவப்பு மையால் போட்டுக்கொடுத்தவள் நான். அப்புறம் வெ. அப்புறம் ளி. முக்கால் மணி நேரம் ஆனது. இடைவெளி.

திரையைப் பார்த்தேன். இந்த முறை பிழை திருத்துகிறவளாகப் பார்த்தேன். அவர் தன் வேலை முழுவதையும் வைத்திருந்த ஃபோல்டருக்கு 'பேசும்பெட்டி' என்று ஒரே சொல்லாகப் பெயர் வைத்திருந்தார். கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கே அது என் கண்ணை உறுத்தியது. பெயரெச்சத்தையும் பெயரையும் யாராவது சேர்த்து எழுதுவார்களா? என் கணினியில் பிழையோடு ஒரு பெயர் கிடக்கலாமா? நடுவில் ஒரு இடைவெளி போட்டு 'பேசும் பெட்டி' என்று திருத்தி வைத்தேன். இந்த மெஷினுக்கோ இடைவெளி என்றால் இரண்டு தனித்தனிப் பெயர். பேசும் என்று ஒன்று, பெட்டி என்று ஒன்று. முதல் பாதியைத் தேடிப் போய், அப்படி ஒன்று இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. அது 'பேசும்' என்று நின்றதை நானும்தான் பார்த்தேன். இலக்கணப்படி அது முழுச்சொல், பிழை இல்லை என்று தாண்டிப் போய்விட்டேன்.

"நான் திருத்துனதுதானா?" என்றேன். ஒரு தடவை மூடினார்.

இடைவெளியை எடுத்தேன். கட்டளையைத் தட்டினேன். வரி வரியாக ஓடியது. பிழை பூஜ்யம்.

குதித்தேன். ஐம்பத்து நாலு வயதில், வீடு அதிரக் குதித்தேன். "வந்துருச்சுங்க! பேசப் போறீங்க!" என்று அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். அவர் கண்ணில் சிரிப்பு இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த கட்டளை, குரலைச் சில்லில் ஏற்றுவது. ஆறு ஏறியது. ஏழாவதில் நின்றது. அது தேடிய இடத்தைப் படித்தேன். மிச்சம், அதற்குள் கோப்பு எண் ஏழு. கிடைக்கவில்லை.

'குரல்' ஃபோல்டரைத் திறந்து எண்ணினேன். ஆறு. பழைய பெட்டியின் அந்த ஆறே ஆறு. முதல் ஆறு இங்கே, மிச்சம் அங்கே. எவ்வளவு சாதாரணமாகப் பெயர் வைத்திருக்கிறார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மீசையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

"அழிச்சதுக்கு அப்புறம் அந்த டிஸ்க்குல ஏதாவது எழுதுனீங்களா அண்ணி?"

"டூல்செயினை மறுபடி இறக்கினேன். முழுசா விரிச்சேன்."

"மேல எழுதியாச்சுன்னா அழிச்சதைத் திரும்ப எடுக்க முடியாது அண்ணி" என்றார் மீசை. "பழைய டிஸ்க்கு கடைக்காரர்கிட்ட இருக்கா?"

"அப்பவே தூக்கிப் போட்டுட்டாராம்."

"நான் சாயங்காலம் வர்றேன் அண்ணி" என்றார். வந்து என்ன செய்வார்? துக்கம் விசாரிக்க வருகிற குரல் அது.

கட்டிலுக்குப் போனேன். எப்படிச் சொல்வது என்று வாசகம் தேடினேன். அவர் கண் என் மேலேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திரை அவர் பார்வைக்கு நேராகத்தானே காலையிலிருந்து இருந்தது?

"நான் அழிச்சதை நீங்க பாத்தீங்களா?"

ஒரு தடவை மூடித் திறந்தார். நான் நகரவில்லை. இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

"அப்ப நான் இடமான்னு கேட்டப்ப... நீங்க ரெண்டு தடவை மூடுனீங்களா?"

ஒரு தடவை.

பதறிய காரியம் சிதறும் என்று எத்தனை புத்தகத்தில் பார்த்திருப்பேன். என் மனுஷனின் முந்நூற்று ஆறு வாக்கியத்தை கண் சிமிட்டும் நேரம்கூட பொறுக்காமல் அழித்தேன். அழித்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, தொண்டையில் கத்தக் கூட முடியாமல் கிடந்தார். அதற்குப் பிறகும் நான் கத்தியதை வாங்கிக்கொண்டு, இடைவெளி என்று முக்கால் மணி நேரம் எழுத்துக்கூட்டிச் சொன்னார். எதற்கு? பேச ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு?

கேட்டேன். தலையைக் கட்டில் சட்டத்தில் முட்டிக்கொண்டு, அழுதுகொண்டே கேட்டேன். அவர் கண்ணை மேலே தூக்கினார். கூட்டினேன். நீ. பே. சு.

"நானா? என் குரல்லயா?"

ஒரு தடவை.

வாக்கியங்களின் பட்டியல் புரோகிராமுக்குள் அப்படியே இருந்தது. எழுத்து மட்டும் பிழைத்திருந்தது. பின்னறைக்குப் போய் அதே ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அவர் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்து, அவர் சொல்ல நினைத்ததை எல்லாம் நான் சொன்னேன். தலையணையைத் தூக்கி வை. அந்த டிவியை அணை, அவன் பொய் சொல்றான். நீ சாப்பிட்டியா? முதுகு அரிக்குது. உன் கண்ணாடி தலை மேலதான் இருக்கு. ஏ முந்திரிக்கொட்டை, இரு, நான் முடிச்சுக்கிறேன். ஒவ்வொன்றிலும் அவர் எந்த இடத்தில் இழுத்திருப்பார், எங்கே சிரித்திருப்பார் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. நான் சொன்னால் அது ப்ரூஃப் வாசிக்கிற மாதிரிதான் இருந்தது. சில வரிகளை அவர் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு மைக்கிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அதை அழித்தவள் நான்.

மூன்று நாள் ஆனது. புதன்கிழமை மத்தியானம் மீசை வந்து எல்லாவற்றையும் சில்லில் ஏற்றி, மூடியைத் திருகி, பொத்தானை அவர் விரலுக்குக் கீழே ஒட்டினார். அந்த ஆறு சொல் மட்டும் அவர் குரல், மீதி நான்.

"ஓட விடுறேன் அண்ணே. எது வேணுமோ அதுல அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு மீசை வெளியே போய் நின்றுகொண்டார்.

வாக்கியங்கள் பெட்டியின் திரையில் ஒவ்வொன்றாக ஓடின. தண்ணி போனது. வலிக்குது போனது. நீ சாப்பிட்டியா போனது. நூறைத் தாண்டியது, இருநூறைத் தாண்டியது. விரல் அசையவில்லை. விரலும் போய்விட்டதோ என்று குனிந்து பார்த்தேன். ஆனால் அவர் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தார். இருநூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் அந்த விரல் நகம் வெளுக்க அழுத்தியது.

"எனக்கு பயமா இருக்கு" என்றது பெட்டி, என் குரலில்.

"எனக்கும்தாங்க" என்றேன்.